நாயோடு ஒரு நாள் கண்மாய்ப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது ஆண்டுகள் தபால் நிலைய கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். மணியார்டர் படிவத்தில் எதை எங்கே எழுதுவது என்று ஒரே நாளில் நாற்பது பேருக்குச் சொன்னதுண்டு. ஓய்வு பெற்றதும் அந்தத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை போட்டு, நாயை ஏற்றிக்கொண்டு மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்குப் போய்வர ஆரம்பித்தோம். கவுண்டர் திரும்ப வந்துவிட்டது. தெருவில், கல்யாணப் பந்தியில், கால்நடை மருத்துவமனை வாசலில் அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். பதில்கள் என் அனுபவத்துக்கு உட்பட்டவை.

நாயின் பெயர் செவலை. ஏழு வயதுப் பெண் நாய். தாய் சிப்பிப்பாறை இன வேட்டை நாய்; தகப்பன் யாரென்பது ஒத்தக்கடைத் தெருக்களுக்குத்தான் தெரியும்.

கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் வைத்திருப்பதுதானே? உங்களுக்கு எதற்கு அக்கா?

அந்த வண்டியில் குளிர்சாதனமும் கண்ணாடி மேசையும் இருக்கும். எங்கள் வண்டியில் ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் ஒரு மின்விசிறி, மடக்கி வைக்கும் இரண்டு நாற்காலி. வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர் ஓராண்டு உருட்டிச் செய்தது. இப்படி மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே அங்கே போய்க் கேளுங்கள். இருக்கையைக் கழற்றிய பிறகு போனவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

எதற்கு என்றால், நாயோடு போகிறவருக்கு ஓட்டலும் இல்லை, விடுதியும் இல்லை. காலை பதினொரு மணிக்கு மேல் நிழலில் படுக்க ஓர் இடம் வேண்டும். அதைக் கையோடு கொண்டு போகிறோம்.

மதுரையில் ஏரி எங்கே இருக்கிறது? வைகையிலேயே தண்ணீர் இல்லையே!

ஏரி என்று தேடினால் கிடைக்காது. இங்கே அதன் பெயர் கண்மாய். மேட்டு நிலத்திலிருந்து வடிகிற மழைநீரை ஒரு பக்கம் மண்கரை போட்டு நிறுத்தினால் கண்மாய். தண்ணீர் நிற்கும் பகுதி உள்வாய். வயலுக்குத் தண்ணீர் விடும் வழி மடை. நிறைந்து மிஞ்சுகிற தண்ணீர் வழிந்தோடும் கல்கட்டு கலுங்கு. ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. விமானத்திலிருந்து பார்த்தால் மதுரைக்குக் கிழக்கே அறுந்த மாலை போலத் தெரிவது இதுதான்.

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்கு மழை மட்டும் ஆதாரம் இல்லை. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைப் படுகைக்கு வருகிறது. பேரணையில் பிரிந்து பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக மேலூர் வரை போகிறது. ஆகவே மதுரைப் பாலத்துக்கு அடியில் வைகை காய்ந்து கிடக்கிற நாளிலும் இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கண்மாய் தளும்பிக்கொண்டிருக்கலாம்.

ஊருணியைக் கண்மாய் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருணி குடிநீருக்கானது. செருப்புக் காலோடு இறங்கினாலே கூப்பிட்டு நிறுத்துவார்கள். நாயை இறக்கினால் சொல்லவே வேண்டாம்.

எந்த மாதம் போனால் தண்ணீர் இருக்கும்?

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடிந்த பிறகு, மார்கழி பிறந்தால் போகலாம். தை முழுக்க நல்ல காலம். மாசியில் தண்ணீர் உள்வாங்கும். பறவைகள் நெருக்கமாகத் தெரியும். பங்குனிக்கு மேல் நாயோடு போக வேண்டாம்.

தையில் மூன்று நாள் மட்டும் தவிர்த்துவிடுங்கள்: அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்கள். அந்தப் பக்கம் வேன் நகராது, கூட்டமும் வெடிச் சத்தமும் நாய்க்கு ஆகாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கும் நாட்களில் அழகர்கோயில் சாலைக்கும் இதே கணக்கு.

ஒரு நாளில் எத்தனை கண்மாய் பார்க்கலாம் அத்தை? ஏழெட்டுப் பார்த்துவிடலாமா?

இரண்டு. மிஞ்சிப் போனால் மூன்று. ஏழெட்டு என்று பட்டியல் போடுகிறவர்கள் பார்ப்பது தார்ச்சாலையைத்தான். நாய்க்கு ஓர் இடத்தை மோந்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. செவலை கலுங்குக் கல் ஒன்றை இருபது நிமிடம் மோந்து பார்த்தாள். அதற்குள் நான் ஒரு பாம்புத்தாரா மீனைக் குத்தி, தூக்கி எறிந்து, தலைப்பக்கமாக விழுங்குவதைப் பார்த்து முடித்தேன். அவளை இழுத்துக்கொண்டு நடந்திருந்தால் அதைத் தவறவிட்டிருப்பேன்.

எங்கள் வழக்கமான வழி இது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஒத்தக்கடையில் யானைமலையை இடப்பக்கம் விட்டுத் திருமோகூர் சாலையில் திரும்பித் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர், கண்மாயும் பெரியது. ஒன்பது மணி வரை அங்கே நடை. மேலூரில் இட்லி. பத்து மணியிலிருந்து நான்கு வரை ஏதாவது ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சமையல், தூக்கம். நான்கு மணிக்கு மேல் அரிட்டாபட்டிப் பக்கம். இருட்டுவதற்குள் அழகர்கோயில் வழியாக வீடு. எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு கிலோமீட்டரைத் தாண்டாது. திருச்சி நான்குவழிச் சாலையில் போவது கொஞ்ச தூரம்தான்.

எங்கள் நாய் வண்டி ஏறினாலே வாந்தி எடுக்கிறது. இதற்கெல்லாம் கொடுத்து வைக்கவில்லையா?

கொடுத்து வைக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். செவலையும் முதல் இரண்டு மாதம் எடுத்தாள். வண்டியை ஓட்டாமல் வாசலில் நிறுத்தி உள்ளேயே சோறு வைத்தோம். பிறகு என்ஜினை மட்டும் ஓடவிட்டோம். பிறகு தெருமுனை வரை. பிறகு மாட்டுத்தாவணி வரை. கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து உணவு கொடுக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கலாம். அப்படியும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். மனிதருக்கு வாங்கிய மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

ஓடும் வண்டியில் நாய் எங்கே உட்காரும்?

தரையில், முன் இருக்கைக்குப் பின்னால், மார்புப் பட்டையைக் கொக்கியில் மாட்டி. கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் கழுத்து இறுகும். ஜன்னலில் தலையை நீட்டி வருவது படத்துக்கு அழகு. நம் ஊரில் எதிரே வைக்கோல் லாரி வரும்.

எங்களிடம் இருப்பது பக். கூட்டிப் போகலாமா?

பக், பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைத்து உடலைக் குளிர்விக்கும் வசதி குறைவு. மார்கழி, தையில் காலை வேளை மட்டும் போதும். மதிய நிறுத்தத்தை அவை தாங்காது. ஹஸ்கி வைத்திருப்பவர்களுக்கும் இதுவேதான் சொல்கிறேன். ராஜபாளையமோ, கன்னியோ, சிப்பிப்பாறையோ, தெருவில் எடுத்து வளர்த்ததோ என்றால் இந்த வெயிலுக்குப் பிறந்தவை. ஆனாலும் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, நாயை வண்டியில் விட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்தானே?

கூடாது. வெளியே 30 டிகிரி இருக்கும்போது, வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் 40-ஐ நெருங்கும். அரை மணியில் 45-ஐத் தாண்டும். ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் பெயருக்கு. மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் எங்கே வெளியேற்றும்? நாங்கள் இருவராகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் காபி குடித்துவிட்டு வந்த பிறகுதான் மற்றவர் போவார்.

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டு போய், இருக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி, விசிறிக் காற்று படும்படி செய்யுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே நிறுத்தும். குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். நாற்பது லிட்டர் தொட்டி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

சாலைச் சூட்டுக்கு ஒரு சோதனை: புறங்கையைத் தாரில் ஐந்து விநாடி வையுங்கள். உங்களால் முடியாவிட்டால் அதனாலும் முடியாது.

தண்ணீரைக் கண்டதும் குதித்துவிடுகிறது. நீந்த விடலாமா?

நீண்ட கயிற்றில், கரையோரமாக, நீங்கள் தரையைப் பார்க்க முடிகிற ஆழத்தில் விடலாம். மடைப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய கண்மாய்களில் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் குறுக்குக் கல்லோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழித் தூம்பு என்பது அதுதான். அடியில் துளையுள்ள கல்தொட்டி. துளையைத் திறந்தால் தண்ணீர் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும், வண்டலும் கூடவே போகும். பாண்டியர் காலத்து அறிவு. திறந்திருக்கும் நாளில் மேலே ஒரு சிறு சுழிப்புத்தான் தெரியும். அடியில் இழுப்பு பலமாக இருக்கும்.

அடுத்தது வலை. மீன் குத்தகைக்கு விட்ட கண்மாயில் நரம்பு வலை கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, காலில் சுற்றினால் நாய் பயந்து இன்னும் சுற்றிக்கொள்ளும். தண்ணீரில் நீளமாக மிதக்கும் தெர்மோகோல் துண்டுகளைக் கண்டால் அங்கே வலை இருக்கிறது. அது ஒருவர் பணம் கொடுத்து எடுத்த மீன். உங்கள் நாய் கலைத்துவிட்டால் அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

வற்றிய கண்மாயில் ஓடவிடலாமே? பெரிய மைதானம் மாதிரி இருக்கிறதே!

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒரு மாசி மாதக் கடைசியில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். மேலே பாளம் பாளமாக வெடித்த மண், நடுவே கொஞ்சம் தண்ணீர், அதில் கொக்கு. செவலை கொக்கை நோக்கி ஓடினாள். நடுவுக்கு இருபது அடி இருக்கும்போது பாளம் உடைந்து வயிறு வரை சேற்றில் இறங்கிவிட்டாள். மீட்கப் போன என் கணவர் முழங்கால் வரை இறங்கிவிட்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, "குதிக்காதீர்கள், குப்புறப் படுத்து ஊர்ந்து வாருங்கள்" என்று இவரிடம் சொன்னார். பிறகு தன் தொரட்டிக் கம்பை நீட்டி நாயின் மார்புப் பட்டையில் மாட்டி இழுத்தார். ஓய்வூதியம் வாங்குகிற மனிதர் சேற்றில் ஊர்ந்து வந்த காட்சியை நான் படம் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதன் பிறகு வற்றிய கண்மாயில் கரையை விட்டு இறங்குவதில்லை.

ஊர் நாய்கள் எல்லாம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. நம் நாய்க்கு மட்டும் என்ன தனி?

ஊர் நாய்களில் எத்தனை எலிக்காய்ச்சலில் போயின என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? எலி, மாடு, பன்றியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் அந்தக் கிருமி இருக்கும். நாய்க்கு வந்தால் நமக்கும் தொற்றும். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சல் அடங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி தனி, அதுவும் வேண்டும். பச்சைப் பெயிண்ட் ஊற்றியது போலத் தண்ணீர் தெரிந்தால் குடிப்பதும் இல்லை, நனைவதும் இல்லை. அப்படிப் பூக்கும் நீலப்பச்சைப் பாசியில் சில வகை நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். வீட்டுத் தண்ணீரைக் கிண்ணத்தில் அடிக்கடி வைத்தால் கண்மாயில் வாய் வைக்காது.

மேலூர்ப் பக்கம் நீலமாக, சுத்தமாக, சுற்றிலும் பாறையோடு ஒரு ஏரி பார்த்தோம். ஆளே இல்லை. அங்கே போகலாமா?

நீங்கள் பார்த்தது கிரானைட் குவாரிக் குழி. போகவே போகாதீர்கள். மேலூர் வட்டாரத்தில் கல் வெட்டி எடுத்துவிட்டு விட்டுப்போன பள்ளங்களில் மழைநீர் நிற்கிறது. தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதில் மண்ணே இல்லை. கண்மாய்க்குச் சரிவு உண்டு, மாடு இறங்கி ஏறும். குவாரிக் குழியின் சுவர் கத்தியால் வெட்டியது போல நேராக இருக்கும். விழுந்த நாய்க்குக் கால் ஊன்ற விளிம்பு கிடையாது. சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்துப் போகும். அதைக் காப்பாற்றக் குதிக்கிற மனிதருக்கும் அதே கதிதான். இங்கே எழுதியதில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான் என்றால், அது இந்தப் பதில்.

கரைமேலேயே வண்டியை ஏற்றி நிறுத்தினால் காட்சி நன்றாக இருக்குமே?

நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கரை மண்ணால் ஆனது. நம் வண்டி மூன்று டன். மழைக்குப் பின் ஓரம் சரிந்தால் வண்டி ஒருபுறம், ஊருக்குத் தண்ணீர் ஒருபுறம். திருப்ப இடம் இல்லாமல் அரை கிலோமீட்டர் பின்னோக்கி ஓட்டி வந்த அனுபவமும் எங்களுக்கு உண்டு. டிராக்டர் போன தடம் இருந்தாலும் ஏற்ற வேண்டாம். கரைக்கு வெளியே கெட்டியான தரையில், வயலுக்குப் போகும் பாதையை மறிக்காமல் நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். திருமங்கலத்துக் கரிசல் பக்கம் மழை பெய்த வாரத்தில் போவதே வேண்டாம். கரிசல் சக்கரத்தைப் பிடித்தால் விடாது.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கண்மாய் அரசாங்கத்துடையதுதானே?

காகிதத்தில் அப்படித்தான். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. ஆனால் காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்பது துறை இல்லை. மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சி இருப்பார், மீன் குத்தகைக்காரரின் காவலாள் இருப்பார், மாடு ஓட்டி வந்த பெண் இருப்பார். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் நிறுத்தி இரண்டு டீ சொல்லி, "கண்மாய்க் கரையில் நாயோடு கொஞ்சம் நடந்துவிட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். இதுவரை வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்தான். அன்று அங்கே ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். ஆடுகள் மிரளும் என்றார். அடுத்த ஊருக்குப் போனோம்.

கேட்டுவிட்டுப் போனால் இன்னொரு லாபம்: எந்த இடத்தில் சேறு, எங்கே வலை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஊர் நாய்கள் கூட்டமாக வந்தால் என்ன செய்வது பெரியம்மா? எனக்கு அதுதான் பயம்.

அவை இருக்கும் இடத்துக்கு நாம் போகிறோம், நம் வாசலுக்கு அவை வரவில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போகும். வண்டியிலிருந்து நாயை இறக்கும் முன் நான் மட்டும் இறங்கி ஐந்து நிமிடம் நிற்பேன். நாய்கள் வந்து குரைத்து, மோந்து, சலித்துப் போகும். பிறகுதான் செவலை இறங்குவாள். கயிறு தளர்வாக இருக்க வேண்டும். நாம் இறுக்கிப் பிடித்தால் நம் பயம் கயிறு வழியாக அதற்குப் போகிறது.

நெருங்கி வந்தால் ஓடாதீர்கள், கல் எடுக்காதீர்கள், நாயைத் தூக்காதீர்கள். தூக்கினால் மற்றவை மேலே பாயும். பக்கவாட்டில் திரும்பி மெதுவாக வந்த வழியே நடங்கள். நான் ஒரு குடை வைத்திருக்கிறேன். சட்டென்று விரித்தால் பெரும்பாலும் பின்வாங்கும். பிஸ்கட் போட்டு நட்பாக்கலாம் என்பது நகரத்து யோசனை. ஒரு பிஸ்கட்டுக்கு ஆறு நாய்கள் சண்டையிட்டதை ஒரு முறை பார்த்தோம், போதும். கிடை நாய்கள் வேறு ரகம்: அவை வேலையில் இருக்கின்றன, குடைக்கெல்லாம் அசையாது. கிடை தெரிந்தால் சுற்றிப் போங்கள்.

அரிட்டாபட்டிக்கு நாயைக் கூட்டிப் போக அனுமதி உண்டா?

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்த்து 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், எழுபத்திரண்டு நீர்நிலைகள், இருநூறு சுனைகள் என்று அரசு அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. மேலே சமணர் கற்படுக்கை, தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, குடைவரைச் சிவன் கோயில். 2024-இல் இந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது சுற்றுவட்டாரமே திரண்டு எதிர்த்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அப்படிக் காத்த ஊருக்குள் நம் நாய் முயலைத் துரத்திக்கொண்டு ஓடக் கூடாது.

ஆகவே எங்கள் வழக்கம்: ஊர்ச் சாலையும் கண்மாய்க் கரையும் வரை நாய், அதுவும் குட்டைக் கயிற்றில். குன்றுக்கு நாய் வராது. ஒருவர் ஏறுவோம், ஒருவர் கீழே நாயோடு இருப்போம். லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் கூடு வைக்கும் பாறைகள் அவை. தேவாங்கும் எறும்புத்தின்னியும் இருக்கின்றன. சிப்பிப்பாறை ரத்தத்துக்கு ஓடுகிற எதுவும் வேட்டைதான், நாம் செல்லமாக வளர்த்தோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

கரையில் அய்யனார் கோயில் இருக்கிறது. கருப்பசாமிக்கே நாய்தானே துணை, உள்ளே கூட்டிப் போனால் தப்பா?

மண் நாய்க்கு உரிமை உண்டு, உயிருள்ள நாய்க்கு ஊர் விருப்பப்படி. சில ஊர்களில் மரத்தடி வரை வரட்டும் என்பார்கள். சில இடத்தில் செருப்போடு நிழலில் நிற்பதே குற்றம். நாங்கள் எல்லைக் கல்லுக்கு வெளியே நிறுத்திவிடுவோம். ஒரு முறை பூசாரி தானே வந்து செவலையின் நெற்றியில் திருநீறு பூசினார். அவள் அதை நக்கிவிட்டாள்.

பிரசாதம் கொடுத்தால் நாய்க்குப் போடலாமா? சாமி சாப்பாடுதானே?

சர்க்கரைப் பொங்கலில் உலர் திராட்சை இருக்கும். திராட்சை, காய்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்ற அளவும் நாய்க்கு நாய் மாறும். போடாதீர்கள். அழகர்கோயில் தோசையில் மிளகும் நெய்யும் தூக்கல்; அதை நீங்களே சாப்பிடுங்கள், அதற்காகவே அந்த வழியாகத் திரும்புகிறோம். பிரியாணி எலும்பும் வெங்காயமும் கூடாது. வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும். செவலைக்கு வீட்டிலிருந்து வேகவைத்த கோழியும் தாளிக்காத தயிர்ச் சோறும். வெயில் தாழ்ந்த பிறகு பெரிய சாப்பாடு.

வண்டிக்குள் கழிப்பறை இருக்கிறதா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பெண்கள் எல்லோரும் கேட்பது இதுதான், கூச்சம் வேண்டாம். திரைக்குப் பின்னால் மூடியுள்ள கையடக்கக் கழிப்பறை ஒன்று வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வந்து நம் கழிப்பறையில்தான் கொட்டுவோம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரும் கேனில் திரும்பி வரும். நாய் போட்டதையும் அள்ளி எடுத்து வருகிறோம். கரையில் ஆடு போட்டது கிடக்கிறதே என்று கேட்பார்கள். ஆட்டுப் புழுக்கை எரு. நாய் மலத்தில் கொக்கிப்புழு.

உள்ளேயே சமைப்பீர்களா?

வெளியே. நாயும் மனிதரும் இருக்கும் வண்டிக்குள் எரிவாயு அடுப்பை எரிப்பதில்லை. ஐந்து கிலோ சிலிண்டர் போதும். புளியமரத்தடிச் சருகில் அடுப்பை வைக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

உண்ணியும் முள்ளும். காது மடலுக்குள், விரல் இடுக்கில், வால் அடியில், கழுத்துப் பட்டைக்குக் கீழே விளக்கு வைத்துப் பாருங்கள். உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். அடுத்த சில வாரங்களுக்குள் நாய் சோர்ந்து, காய்ச்சல் கண்டு, ஈறு வெளிறினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கண்மாய் உள்வாய் எங்கும் சீமைக்கருவேலம். அதன் முள் பாதத்தில் உடைந்து தங்கினால் நான்கு நாள் கழித்துச் சீழ் வைத்துத்தான் தெரியும். நக்கிக்கொண்டே இருக்கும் காலைப் பாருங்கள்.

பாம்பு கடித்துவிட்டால்?

வெட்டாதீர்கள், கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். நாயை நடக்க விடாமல் தூக்கி வண்டியில் போட்டு நேராக மருத்துவரிடம். விஷமுறிவு மருந்து எல்லா மருந்தகத்திலும் இருக்காது. போகும்போதே தொலைபேசியில் கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம். அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாளே போகிற வழியிலுள்ள கால்நடை மருத்துவமனைகளின் எண்களைத் தாளில் எழுதி முன்கண்ணாடி அருகே ஒட்டுங்கள். கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். கரைப் பொந்துகளில் நாய் மூக்கை நுழைக்காமல் பார்த்துக்கொள்வது இதையெல்லாம்விட எளிது.

உங்கள் வண்டியை ஒரு நாள் வாடகைக்குத் தருவீர்களா? பெட்ரோல் காசும் சேர்த்துத் தருகிறேன்.

வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் காப்பீடும் கைவிரித்துவிடும். வாடகைக்கு எடுப்பதானால் மஞ்சள் பலகை வண்டி, நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஓட்டுநர். முன்பணம் கொடுக்கும் முன் நாயைக் காட்டிவிடுங்கள். "சின்ன நாய்தான்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு ராஜபாளையத்தோடு போய் நின்ற ஒருவர் அன்று கிளம்பவே இல்லை. மற்றபடி, எங்கள் வண்டி டீசல்.

தீபாவளியன்று எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் நடுங்குகிறது. அன்றைக்கு எங்கே கொண்டு போவது?

சிவகங்கை மாவட்டத்தில், மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போல, வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கண்மாய் மரங்களில் கூடு வைக்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதைக் கேள்விப்பட்டதும் நாயோடு அங்கே போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். சரணாலயத்துக்குள் நாயைக் கொண்டு போகக் கூடாது என்பதால், தள்ளிச் சாலையோரம் நிறுத்தினோம். வெடிச் சத்தம் இல்லை என்று சொல்ல முடியாது, தூரத்து ஊர்களிலிருந்து வந்தது. ஆனால் செவலை சாப்பிட்டாள், தூங்கினாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அங்கே கிளம்பினால் பறவைகளுக்காக வெடியை விட்ட ஊரில் நாய்க் கூட்டம் குரைக்கும். ஆகவே இப்போது நாங்கள் போவதில்லை. ஊருக்கு வெளியே, வீடுகள் இல்லாத ஏதோ ஒரு சாலையோரம் போதும். வண்டியின் ஜன்னலை மூடி மின்விசிறியைப் போட்டுவிட்டால் சத்தம் பாதியாகிறது.

உண்மையைச் சொல்லுங்கள், நாய்க்கு இதெல்லாம் பிடிக்கிறதா, அல்லது உங்கள் ஆசைக்காகவா?

முன்பு இதற்கு உறுதியாகப் பதில் சொல்வேன். இப்போது செவலைக்குப் பின்னங்கால் மூட்டு வலிக்கிறது. வண்டிப் படியில் தானாக ஏற முடியவில்லை. சாக்கைச் சுற்றிய ஒரு பலகையைச் சாய்த்து வைக்கிறோம். சனிக்கிழமை இரவு அந்தப் பலகையை எடுத்து வாசலில் சாத்தினால், ஞாயிறு காலை நான்கு மணிக்கே அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். மழை பெய்தாலும் அங்கிருந்து எழுந்து உள்ளே வருவதில்லை.